நான் சொன்ன ‘எஸ்’

எங்கள் ஊத்தங்கரை ஒரு நாற்சந்தி ஊர். ஒரு ரஸ்தா கிருஷ்ணகிரிக்குப் போகிறது; ஒன்று திருவண்ணாமலைக்கு; ஒன்று திருப்பத்தூருக்கு; மற்றொன்று அரூர் வழியாகச் சேலத்துக்கு. முன்பெல்லாம் விடியற்காலையில் அந்தச் சந்தியில் நின்றால் பூக்கூடைகளையும் காய்கறி மூட்டைகளையும்தான் பார்க்கலாம். இப்போது போய்ப் பாருங்கள்! பால்காரர் வருவதற்கு முன்பே, தலை வாரிப் பூ வைத்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் சாப்பாட்டு டப்பாவுடன் இளம் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். சிலர் பக்கத்தில் உள்ள போச்சம்பள்ளிக்கு. சிலர் மத்தூர், கிருஷ்ணகிரி, சூளகிரி எல்லாம் தாண்டி ஓசூர்ப் பக்கத்துக்கு. 2021-ல் போச்சம்பள்ளி சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தபோது, அதை முழுக்க முழுக்கப் பெண்களே நடத்தப் போகிறார்கள் என்று அறிவித்தார்கள். ஓசூருக்கு அருகே கைபேசிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையிலும் பெண்கள்தான் அதிகம்.

இந்தப் பெண்களில் ஏழெட்டுப் பேர் வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். எல்லோரும் தமிழில் படித்தவர்கள். “அத்தை, கொஞ்சம் கம்பெனி இங்கிலீஷ் சொல்லிக் கொடுங்களேன்” என்று கேட்டு வருகிறவர்கள். நானும் ஒன்றும் பட்டதாரி அல்ல. ஆனாலும், “வாருங்களடி” என்று உட்கார வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வருகிற பெண்ணுக்கு முதல் நாள் நான் ஏ, பி, ஸி, டி சொல்லித் தருவதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்.

“ஏண்டி, நீ இன்னும் சாப்பிடலையா?”

“ஆமாம் அத்தை, சாப்பிடலை.”

“இப்போ இங்கிலீஷிலே கேட்கிறேன். ‘ஹேவன்ட் யூ ஈட்டன்?’ பதில் சொல்லு.”

“எஸ்!”

“சரி, நீ சாப்பிட்டாச்சு. போய் வேலையைப் பார்.”

திண்ணை முழுவதும் சிரிப்பு எழும். நானும் கூடச் சிரித்து வைப்பேன். ஆனால் அந்த ‘எஸ்’ என்கிற சின்னச் சொல்லினால் ஒரு பெண்ணின் பிழைப்பு போயிற்று. சொன்ன வாய் என்னுடையது.

நான் ஓசூருக்குப் போனது 1995-ல். அதுவரை எனக்குத் தெரிந்த உலகம் ஊத்தங்கரைக் கடைவீதியும், பாம்பாறு அணையும், சாமல்பட்டி ரயில் நிலையமும்தான். என் கணவர் கடலை மண்டி வைத்திருந்தார். இரண்டு வருஷம் மழை சரியில்லாமல் போய், கொடுத்த கடன் திரும்பாமல், மண்டி நொடித்தது. மாமியாரை ஊரிலேயே விட்டுவிட்டு, இரண்டு குழந்தைகளுடன் ஓசூரில் ஓர் ஒண்டுக் குடித்தனத்துக்குக் குடிபோனோம். அவருக்கு ஒரு லாரி ஆபீஸில் கணக்கு வேலை. அது வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போயிற்று. குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் சம்பாதித்தாக வேண்டும்.

அந்த நாளில் ஓசூரில் வேலைக்குப் பஞ்சமில்லை. சிப்காட் நிறுவனம் 1971-ல் ஏற்பட்டது. அதன் பேட்டை ஓசூரில் அமைந்த பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று பெரிய பெரிய ஆலைகள் வந்துவிட்டன. டைட்டன் கடிகாரத்தை எல்லோருக்கும் தெரியும். டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் 1984-ல் கூட்டாக ஆரம்பித்தது. பெரிய ஆலைகளுக்குச் சில்லறைப் பாகங்கள் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் சந்துக்குச் சந்து முளைத்திருந்தன. அப்படி ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸ் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. மாதம் 900 ரூபாய்.

எஸ்.எஸ்.எல்.ஸி. வரை படித்திருந்தேன். இங்கிலீஷில் 41 மார்க்கு. அதுவும் இரண்டு கட்டுரைகளை மனப்பாடம் பண்ணி எழுதியதன் புண்ணியம்! பசுவைப் பற்றி இங்கிலீஷில் பத்து வாக்கியம் என்னால் சொல்ல முடியும். ஆனால் அந்தக் கம்பெனியில் பசுவைப் பற்றி யாரும் பேசவில்லை.

அங்கே பேசியதெல்லாம் லாட், லைன், ஷிப்ட், சலான், கேட் பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட், ஸ்கிராப், டிஸ்பாட்ச். சொற்கள் எல்லாம் இங்கிலீஷ். அவற்றைக் கோக்கிற நூல் அவரவர் பாஷை. ஓசூர் விநோதமான ஊர். சந்திர சூடேசுவரர் மலைக்குக் கீழே நின்று ஒரு மணி நேரம் காது கொடுத்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் விழும். கர்நாடக எல்லை எட்டிப் பிடிக்கிற தூரம். “ரிஜெக்ட் ஆயித்து”, “ரிஜெக்ட் அயிந்தி”, “ரிஜெக்ட் ஆயிடுச்சு” என்று மூன்று விதமாகவும் சொல்வார்கள். இந்தச் சொற்களை நான் மூன்றே மாதத்தில் பிடித்துக்கொண்டேன். “இங்கிலீஷ் என்றால் இவ்வளவுதானா!” என்று கர்வம்கூட வந்துவிட்டது. சொற்கள் தெரிந்துவிட்டால் பாஷை தெரிந்துவிட்டது என்று நினைத்தேனே, அதுதான் என் கிரகசாரம்.

என் மேஜைக்கு எதிரில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜை. அதில் கெலமங்கலத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். வீட்டில் தெலுங்கு, என்னிடம் கொச்சைத் தமிழ். இருபது வயது இருக்கும். தற்காலிக வேலைதான். என்னை “அக்கா” என்பாள். எஃகுக் கம்பியில் கடைந்தெடுத்த ‘புஷ்’ என்கிற சின்ன வளையங்கள் தட்டுத் தட்டாக அவள் மேஜைக்கு வரும். வெளி அளவு, நீளம், உள் துவாரம் மூன்றும் பார்த்துக் கணக்கெழுத வேண்டும்.

துவாரம் பார்க்க ஒரு கருவி உண்டு. குட்டி உலக்கை மாதிரி இருக்கும், இரண்டு முனை. ஒரு முனைக்குப் பெயர் ‘கோ’. அது துவாரத்துக்குள் போக வேண்டும். மறுமுனைக்குப் பெயர் ‘நோ-கோ’. அது போகக் கூடாது. ‘நோ-கோ’வும் உள்ளே போய்விட்டால் துவாரம் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம், சாமான் கழிசல். அவள் விரல்கள் அந்த உலக்கையை வைத்துக்கொண்டு வெகு லாகவமாக விளையாடும்.

1996-ம் வருஷம், ஐப்பசி மாதம். அன்று மத்தியானம் அந்தத் துவாரக் கருவியை வேறு பிரிவுக்காரர்கள் வாங்கிப் போய்விட்டார்கள். மாலை வரை திரும்பவில்லை. இரண்டாயிரம் புஷ் தட்டில் காத்துக் கிடந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கெலமங்கலம் பஸ்ஸைத் தவற விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை.

“அக்கா, வெளி அளவும் நீளமும் பார்த்துட்டேன். ஓட்டை நாளைக்குத்தான் பார்க்கணும். யாராச்சும் கேட்டா ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டு, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள்.

கால் மணி நேரத்தில் குவாலிட்டி இஞ்சினீயர் வந்தார். புதிதாகப் பெங்களூரிலிருந்து வந்தவர். வீட்டிலேயே இங்கிலீஷ் பேசி வளர்ந்த பிள்ளை. நம் பாஷை எதுவும் ஓடாது. தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“யூ ஹேவன்ட் செக்ட் தி போர்?”

‘செக்’ புரிந்தது. ‘போர்’ என்றால் துவாரம், அதுவும் புரிந்தது. ‘ஹேவன்ட்’ என்றால் ‘இல்லை’. துவாரம் பார்க்கவில்லையா என்று கேட்கிறார். எவ்வளவு தெளிவாகப் புரிந்துவிட்டது, பாருங்கள்! தடுமாறாமல், நிமிர்ந்து நின்று, பளிச்சென்று சொன்னேன்: “எஸ், ஸார்!”

“குட்” என்றார். பச்சைச் சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

பச்சைச் சீட்டு எதற்கு என்று எனக்கு ஒரு கணம் சந்தேகம் தட்டியது. பெரியவர்கள் காரியம், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். அன்று ராத்திரி என் கணவரிடம், “இன்றைக்கு இஞ்சினீயர் இங்கிலீஷில் கேட்டார், நானும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன்” என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

மறுநாள் தட்டு இல்லை. ராத்திரியே லாரி ஏறிவிட்டது. வேறு யாரோ பார்த்து அனுப்பிவிட்டார்கள் போலும் என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டோம். ஒன்பதாம் நாள் அத்தனையும் ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தது. முந்நூற்றுச் சொச்சத்தில் துவாரம் பெரிது.

மானேஜர் அறையில் விசாரணை. மானேஜர் பம்பாய்க்காரர். இஞ்சினீயர், போர்மேன், அந்தப் பெண், நான்.

“ஐ ஆஸ்க்ட் தெம். தே ஸெட் எஸ்” என்றார் இஞ்சினீயர்.

பொய் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். பார்க்கவில்லை என்றல்லவா அவரிடம் சொன்னேன்! ஆனால் இஞ்சினீயரை எதிர்த்து, “இவர் சொல்வது பொய்” என்று எப்படிச் சொல்வது? எந்த இங்கிலீஷில் சொல்வது? ரிஜிஸ்தரில் கையெழுத்து அவளுடையது. மேஜை அவளுடையது. வேலை தற்காலிகம். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சலான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்ற வெறி வந்தது. எங்கள் வீட்டுக்காரர் கன்னடக்காரத் தாத்தா. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் அட்டை போன ‘ரென் அண்ட் மார்ட்டின்’ இலக்கணப் புத்தகம் ஒன்று இருந்தது. 1930-களில் இரண்டு வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகம், இன்றைக்கும் விற்கிறது. என்னிடம் ஒரு லிப்கோ அகராதி. ராத்திரி குழந்தைகள் தூங்கிய பிறகு அரை மணி நேரம் பாடம். தட்சிணை, வாரம் ஒரு தரம் என் கைப் புளியோதரை.

அப்பப்பா, என்ன அவஸ்தை! ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ என்று மூன்று பொடிச் சொற்கள். தமிழில் மாம்பழம் என்றால் மாம்பழம். இங்கிலீஷில், ‘ஏதோ ஒரு’ மாம்பழமா, ‘நாம் பேசிக்கொண்டிருக்கிற அந்த’ மாம்பழமா என்று முதலில் தீர்மானித்துக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். பிறகு ‘யூ’. தாத்தாவுக்கும் ‘யூ’, பூனைக்குட்டிக்கும் ‘யூ’. மானேஜரைப் போய் ‘நீ’ என்பதா என்று எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் வாக்கியத்துக்கு இரண்டு ‘ஸார்’ சேர்த்துக்கொண்டேன். ‘வீ’ என்ற சொல் இன்னும் மோசம். நம் பாஷையில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. “நாம் சரி செய்துவிடலாம்” என்றால் சொல்கிறவரும் கூட வருகிறார். “நாங்கள் சரி செய்கிறோம்” என்றால் கேட்கிறவர் வீட்டுக்குப் போகலாம். இங்கிலீஷில் இரண்டுக்கும் ‘வீ’. சூபர்வைசர், “வீ வில் ஸ்டே டில் டென்” என்பார். ‘நாம்’ என்று நினைத்து உட்கார்ந்திருப்போம். எட்டு மணிக்கு அவர் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்கும்போதுதான் அது ‘நாங்கள்’கூட இல்லை, ‘நீங்கள்’ என்று தெரியும்.

எல்லாவற்றையும்விட என்னை ஆட்டி வைத்தது ஒரு சாதாரணத் தமிழ் வார்த்தை: “பார்த்தாச்சு.” எவ்வளவு சௌகரியமான வார்த்தை, யோசித்துப் பாருங்கள்! யார் பார்த்தது? சொல்ல வேண்டியதில்லை. பார்த்தாச்சு, முடிஞ்சாச்சு, அனுப்பியாச்சு. இங்கிலீஷில், “ஐ ஹேவ் செக்ட் இட்” என்றால் ‘நான்’ என்று முதலிலேயே கழுத்தை நீட்ட வேண்டும். ‘இட் ஹாஸ் பீன் செக்ட்’ என்று ஆளை மறைத்துப் பேசவும் ஒரு வழி இருக்கிறது. கம்பெனிக் கடிதங்களைப் படித்துப் பார்த்ததில், அந்த வழி பெரும்பாலும் பெரிய உத்தியோகஸ்தர்களுக்கே பயன்படுகிறது என்று கண்டுகொண்டேன்.

நாலாவது மாதம் தாத்தா கேள்வி-பதில் பாடத்துக்கு வந்தார்.

“ஹேவன்ட் யூ ஈட்டன்? நீ சாப்பிடவில்லை என்று வைத்துக்கொள் அம்மா. என்ன சொல்லுவே?”

“எஸ், ஐ ஹேவன்ட்.”

“தப்பு. ‘நோ, ஐ ஹேவன்ட்.’ எஸ் என்றால் சாப்பிட்டாச்சு என்று அர்த்தம்.”

“அது எப்படித் தாத்தா? அவர் ‘இல்லையா’ என்று கேட்கிறார். ‘ஆமாம், இல்லை’ என்றுதானே சொல்ல வேண்டும்?”

“நம்ம ‘ஆமாம்’ இருக்கே, அது கேட்டவருக்குப் பதில். ‘நீங்க சொல்றது சரி’ என்கிறோம். அவங்க ‘எஸ்’ காரியத்துக்குப் பதில். காரியம் நடந்திருந்தா எஸ், நடக்கலைன்னா நோ. கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டுக் கேட்டாலும் சரி.”

அவர் அடுத்த உதாரணத்துக்குப் போய்விட்டார். எனக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. மழையும், இரண்டாயிரம் புஷ்ஷும், பச்சைச் சீட்டும்தான் கண் முன்னால் நின்றன. இஞ்சினீயர் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. இரண்டு நிஜங்களுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டு ஒரு பெண் நசுங்கிப் போனாள்.

அன்று ராத்திரி தூக்கம் ஏது? கணவரை எழுப்பிச் சொன்னேன். “நடந்தது நடந்துபோச்சு, இப்போது போய்க் கிளறினால் உன் வேலைக்கும் ஆபத்து” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. மூத்தவளுக்கு அந்த மாதம் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

இருந்தாலும் மானேஜருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று ஒரு பிடிவாதம். முதலில், “வீ டிட் நாட் செக்” என்று எழுதினேன். தாத்தா பார்த்துவிட்டு, “வீ என்றால் யார் அம்மா?” என்றார். அடித்துவிட்டு, “எ மிஸ்டேக் வாஸ் மேட்” என்று எழுதினேன். “யார் பண்ணின மிஸ்டேக்? புடவைத் தலைப்பிலே ஒளியாதே” என்றார். எத்தனை காகிதம் கிழித்தேனோ! கடைசியில் உருப்பட்டது சின்னச் சின்ன வாக்கியங்கள். அந்தப் பெண் துவாரம் பார்க்கவில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். இஞ்சினீயர் என்னைக் கேட்டார். “ஐ ஸெட் எஸ். ஐ மென்ட் நோ.” அவ்வளவுதான்.

1997 மார்ச்சில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மானேஜர் இரண்டு தரம் படித்தார். “அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?” என்று இங்கிலீஷில் கேட்டார். “அன்றைக்கு என்னிடம் வார்த்தை இல்லை, ஸார்” என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. இஞ்சினீயர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். “அந்தப் பெண்ணை வரச் சொல்லுங்கள், இடம் இருக்கிறது” என்றார். நல்ல மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை நானே கெலமங்கலத்துக்குப் போனேன். ஓசூர்ப் பக்கத்துச் சீதோஷ்ணம் ரோஜாவுக்கு வெகு இசைவு. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கென்றே தோட்டங்கள் உண்டு. அப்படி ஒரு தோட்டத்தில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் வேலையில் அவள் சேர்ந்திருந்தாள். கம்பெனிச் சம்பளத்தைவிடக் குறைவு. கைவிரலெல்லாம் முள் கீறல். எனக்குக் காபி கொடுத்தாள். நான் எஸ், நோ விவகாரத்தைச் சாங்கோபாங்கமாக விவரித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நான் வரலைக்கா. இங்கேயே இருந்துக்கிறேன். ரோஜாப்பூ இங்கிலீஷிலே கேள்வி கேக்காது” என்று சிரித்தாள்.

பஸ் ஏற்றிவிட வந்தபோதுதான், கோபமே இல்லாமல், ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி சொன்னாள்: “ஆனா அக்கா, அன்னிக்கு ரூமிலே போர்மேன் அண்ணன் இருந்தாரே. அவருக்குத் தமிழ் தெரியுமே. நீங்க தமிழ்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?”

சொல்லியிருக்கலாம். பாஷை தெரியாதது பாதி, பயம் பாதி. பயத்தை மறைத்துக்கொள்ள இங்கிலீஷ் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் வந்துவிட்டது.

அதற்கு அப்புறம் நான் கம்பெனியில் செய்த காரியம் ஒன்று உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்புச் சீட்டுகளில் இங்கிலீஷுக்குக் கீழே தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சடிக்க வேண்டும் என்று கேட்டேன். மூன்று அளவுக்கும் தனித் தனிக் கட்டம். ‘பார்த்தது’, ‘பார்க்காதது’, பக்கத்தில் பார்த்தவர் கையெழுத்து. மானேஜர் ஒப்புக்கொண்டார்.

ராஜாஜி ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் அல்லவா? அவரைப் போல் இங்கிலீஷ் எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவரே 1916-ல் சேலத்தில் இருந்தபோது, விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று நண்பர்களுடன் ஒரு சங்கம் வைத்தார். இரண்டு பாஷையும் கைவந்தவருக்குத்தான் எது எங்கே வேண்டும் என்று தெரிகிறது. நம் சொற்களும் ஒன்றும் லேசுப்பட்டவை அல்ல. உப்புக் காகிதத்திலும் சாணைச் சக்கரத்திலும் இருக்கும் கடினக் கல்லுக்கு இங்கிலீஷில் ‘கொரண்டம்’ என்று பெயர். நம்முடைய ‘குருந்தம்’தான் அங்கே போய்க் கொரண்டமாயிற்று. எங்கள் பட்டறையில் தினமும் நெருப்புப் பறக்கச் சுற்றியது தமிழ் வார்த்தை என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே!

என் ‘எஸ்’ ஒருமுறை கம்பெனிக்கு உபயோகமாகவும் இருந்தது. சில வருஷங்கள் கழித்து ஜப்பானிலிருந்து ஒரு யந்திர நிபுணர் வந்தார். யந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். புது சூபர்வைசர், “மெஷின் நாட் ரெடி?” என்று கேட்டார். ஜப்பானியர் வெகு பணிவாகத் தலையை ஆட்டி, “எஸ், எஸ்” என்றார். சூபர்வைசர் சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். நான் போட்ட கூச்சலில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. பிறகு, “ரெடி? ஆர் நாட் ரெடி?” என்று ஜப்பானியரைக் கேட்டேன். “நாட் ரெடி!” என்றார். அவர்கள் பாஷையிலும் நம் ஆமாம் மாதிரிதான்! அந்த மனிதர்மேல் எனக்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதர வாஞ்சையே ஏற்பட்டுவிட்டது.

என் அக்காள் மகள் அமெரிக்காவில் டெக்ஸாஸில் இருக்கிறாள். அங்கே ஸ்பானிஷ் பேசும் பெண்கள் ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்துகொண்டே சாயங்காலம் இங்கிலீஷ் படிக்க வருகிறார்களாம். இவள் அவர்களுக்குப் பாடம் சொல்கிறாள். கைபேசியில் நாங்கள் இருவரும் பாடத்தை ஒப்பிட்டுக்கொள்வோம். அவர்களும் நம்மைப் போலவே ‘நான்’, ‘அது’ எல்லாம் சொல்லாமல் வினையை மட்டும் வைத்தே பேசிவிடுகிறவர்கள். “மழை பெய்கிறது” என்பதற்கு “இஸ் ரெயினிங்” என்று பாதியில் ஆரம்பிப்பார்களாம். வயதைச் சொல்லும்போது, “எனக்கு முப்பது வயது” என்று நாம் சொல்வோம். “நான் முப்பது வருஷம் வைத்திருக்கிறேன்” என்பார்கள் அவர்கள். இங்கிலீஷ்காரருக்கோ, “நான் முப்பது.” மனிதனே வயதாக ஆகிவிடுகிறான்! “அவர்களுக்கு எஸ், நோ எப்படியடி?” என்று கேட்டேன். “அதிலே அவர்களுக்குச் சிரமமே இல்லை சித்தி. சாப்பிடலைன்னா அவங்க பாஷையிலேயே ‘நோ’தான்” என்றாள். கொடுத்து வைத்தவர்கள்.

2015-ல் நாங்கள் ஊத்தங்கரைக்கே திரும்பிவிட்டோம். திண்ணையில் நான் சொல்லிக் கொடுக்கிற இங்கிலீஷ் கொஞ்சம்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு வாக்கியம். இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்க ஒரு வாக்கியம். செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்ல ஒரு வாக்கியம். ‘இல்லையா’ என்று யார் கேட்டாலும் வெறும் எஸ், வெறும் நோ கூடாது. முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அதுவும் வராவிட்டால், பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் யார் இருக்கிறார் என்று பார்த்துத் தமிழிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தைத்தான் நான் அதிகமாகத் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன் என்று அவர்கள் கேலி செய்கிறார்கள்.

போன வாரம் சிங்காரப்பேட்டைப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க வந்தாள். அவளுடைய லைன் லீடர் வடக்கத்திப் பையன். ராத்திரி ஷிப்ட் முடிகிற நேரத்தில் வந்து, “யூ ஹேவன்ட் டெஸ்டட் திஸ் லாட்?” என்று கேட்டானாம்.

“நீ என்னடி சொன்னே?”

“‘நாட் டெஸ்டட், ஸார். நாட், நாட். மீ நாட் டெஸ்ட்’னு சொல்லிட்டு, லாட் மேலேயே கையை வெச்சிக்கிட்டு நின்னேன் அத்தை!”

“‘மீ நாட் டெஸ்ட்’டா? ஆறு வாரமாகப் படித்த இலக்கணம் எங்கேடி போச்சு?”

“இலக்கணம் போனாப் போகுது அத்தை. லாட் போகலை இல்ல?”